பில் கவுண்டரில் ஒளிந்திருந்த திருடன்

அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை கடைகளில் கூட்டம் அலைமோதும். 2013-இல் அந்தச் சமயம் பார்த்துத்தான் டார்கெட் என்ற பெரும் சில்லறை வணிக நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டுகளின் விவரங்கள் களவுபோயின. அதோடு 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் போன்றவையும் போயின.

அவர்கள் நுழைந்த வழி, டார்கெட்டுக்குக் குளிர்பதன வேலை செய்துகொடுத்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். அவற்றைத் திருடி உள்ளே வந்தவர்கள், மெல்ல நகர்ந்து கடைகளின் பில் போடும் கணினிகளில் ஒரு தீநிரலை ஏற்றினார்கள்.

அந்த நிரல் வேலை செய்யும் விதம் இது. அன்றைய அமெரிக்கக் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிப் கிடையாது. பின்புறம் ஒரு கருப்புக் காந்தப் பட்டைதான் இருக்கும். அதில் கார்டு எண், பெயர், காலாவதித் தேதி எல்லாம் பதிந்திருக்கும். கார்டைத் தேய்த்ததும் இவை கணினியின் தற்காலிக நினைவகத்துக்கு வரும். அங்கே ஒரு கண நேரம் எந்த மறையாக்கமும் இல்லாமல் அப்படியே நிற்கும். தீநிரல் நினைவகத்தைத் துழாவிக்கொண்டே இருந்து, அந்தக் கணத்தில் இந்த விவரங்களைப் பொறுக்கிவிடும். பட்டையில் உள்ள தகவல் மாறாதது என்பதால், அதை வேறொரு வெற்றுக் கார்டில் பதித்தால் போலிக் கார்டு தயார். சிப் கார்டு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுக் குறியீட்டை உருவாக்கும். அதனால் பழையதைத் திருடிப் போலி செய்ய முடியாது.

இந்த ஊடுருவலை டார்கெட்டின் கண்காணிப்பு மென்பொருள் கண்டுபிடித்து எச்சரித்தது. பெங்களூருவில் இருந்த கண்காணிப்புக் குழு அதை மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தது. ஆனால் உரிய நேரத்தில் நடவடிக்கை இல்லை. 2014 மே மாதம் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2017-இல் இந்தத் திருட்டு தொடர்பாக 47 மாநிலங்களோடு 1.85 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இப்படிப் பாதிக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்கி, புது எண்ணும் புது பின் எண்ணும் வாங்க வேண்டும். கணக்கு அறிக்கையை வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஓரிரு டாலர் கழிந்திருந்தாலும் அலட்சியம் கூடாது. திருடப்பட்ட கார்டு வேலை செய்கிறதா என்று சோதிக்க முதலில் சிறு தொகையைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். கிரெடிட் கார்டு மோசடியில் வாடிக்கையாளரின் இழப்பு 50 டாலரைத் தாண்டாது என்கிறது அமெரிக்கச் சட்டம். டெபிட் கார்டில் புகார் தாமதமானால் இழப்பு கூடலாம்; பணமும் நேராகக் கணக்கிலிருந்தே போய்விடும். ஆகவே டெபிட் கார்டுக்காரர்தான் முதலில் ஓட வேண்டும்.

நம் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காமல் தடுக்க ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிடமும் கடன் அறிக்கையைத் தனித்தனியே முடக்கிவைக்கலாம். 2018 முதல் அமெரிக்கா முழுவதும் இதற்குக் கட்டணம் இல்லை.

கார்டு எண்ணை ஒரு நாளில் மாற்றிவிடலாம். பெயரையும் முகவரியையும் அப்படி மாற்ற முடியாது. அவற்றைச் சரியாகச் சொல்லி நம்பவைத்து, "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று அழைப்பவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் வருவார்கள். அவர்களிடம் எதையும் சொல்லாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.