படிவத்திலேயே கேட்டு வாங்குங்கள்

மேட்டுப்பாளையம் என்றால் கோவைப் பக்கத்தில் ஊட்டி ரயில்தான் நினைவுக்கு வரும். புதுச்சேரிக்காரர்களுக்கு அது வேறு ஊர். லாரி முனையம், தொழிற்பேட்டை, ஆண்களுக்கான அரசு ஐ.டி.ஐ. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவர்களுடைய மேட்டுப்பாளையம். அந்த ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று படிக்கிற பையன்களில் சிலருக்காவது ராணுவ ஆசை இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ராணுவத்தின் அக்னிவீர் ஆளெடுப்பு அறிவிப்பு வந்ததும் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவார்கள்.

அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"ஜி.டி. போட்டுடவா தம்பி? அதுலதான் இடம் அதிகம்."

"நான் ஃபிட்டர் முடிச்சிருக்கேண்ணா."

"மொதல்ல உள்ள போ. அப்புறம் டிரேடு மாத்திக்கலாம்."

நல்ல மனதோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் பல பையன்களின் அடுத்த நான்கு வருஷத்தைத் தீர்மானித்துவிடுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்திய ராணுவத்தில் சேரும்போது, எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று யாரிடமும் உட்கார்ந்து பேரம் பேச முடியாது. ஜெனரல் டியூட்டி (ஜி.டி.), டெக்னிக்கல், கிளார்க் அல்லது ஸ்டோர் கீப்பர் டெக்னிக்கல், பத்தாவது படித்த டிரேட்ஸ்மேன், எட்டாவது படித்த டிரேட்ஸ்மேன் என்று பிரிவுகள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அந்த வரிசையில்தான் எழுத்துத் தேர்வு, 1.6 கிலோமீட்டர் ஓட்டம், மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல் எல்லாம் நடக்கும். உள்ளே போனபின் வேறு டிரேடுக்கு மாறலாம் என்பதை நம்பி யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. அங்கே ஆளெடுக்கும் அதிகாரிக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கு உண்டு. சேர வருகிறவர் திறனறித் தேர்வு எழுதுகிறார். அதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் அன்றைக்குக் காலியாக உள்ள இடங்களுக்கும் ஏற்ப வேலைகளைக் காட்டுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம். ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதப்படாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. பச்சை அட்டை வைத்திருக்கும் தமிழர்களும் இப்படிச் சேரலாம்.

புதுச்சேரிக்கு ராணுவம் ஒன்றும் அந்நியமான சங்கதி அல்ல. கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. 1962 ஆகஸ்ட் 16-இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பங்களில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை ஊரில் இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். பிரான்சிலிருந்து மாதாமாதம் வந்த ஓய்வூதியம் எத்தனையோ வீடுகளை நிமிர்த்தியது. பட்டாளத்துக்குப் போனால் கடைசிவரை கவலையில்லை என்ற நினைப்பு இங்கே ஊறிப்போனதற்கு அந்த ஓய்வூதியமும் ஒரு காரணம்.

அக்னிபத் திட்டம் அந்த நினைப்பை உடைத்துவிட்டது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்களுக்குப் பணிக்காலம் நான்கு வருஷம். அது முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள், மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் வருஷம் 40,000. மாதாமாதம் 30 சதவீதம் பிடித்துவைத்து, அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டி நீங்கலாக 10.04 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. டெக்னிக்கலில் சேர்ந்தாலும் டிரேட்ஸ்மேனாகச் சேர்ந்தாலும் அடிப்படைத் தொகுப்பு ஒன்றுதான்.

சம்பளம் ஒன்றுதானே, எதில் சேர்ந்தால் என்ன என்று கேட்கலாம். நான்கில் மூன்று பேர் இருபத்தைந்து வயதைத் தொட்டோ தொடாமலோ திரும்பி வரப்போகிறார்கள் என்பதால்தான் பிரிவு முக்கியமாகிறது. ஐ.டி.ஐ. ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர் பையன் இரும்புத் தகடு இரண்டை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி அரத்தால் ராவுவான். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை பார்ப்பான். பொருத்தியதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்று ஒளியும் தெரியக் கூடாது. அந்தக் கைப்பக்குவத்துக்கு இரண்டு வருஷம் ஆகிறது. நான்கு வருஷம் அரத்தைத் தொடாமல் இருந்துவிட்டு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை கேட்டுப் போனால், நேற்று ஐ.டி.ஐ. முடித்த பையனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். ஜி.டி. வேலை எந்த வகையிலும் குறைந்ததல்ல. எல்லையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அதையே விரும்பிப் போகிறவனை நான் தடுக்க மாட்டேன். டெக்னிக்கலுக்குத் தகுதி இருந்தும், அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாமல் போகிறவனைப் பார்த்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

தகுதி அப்படியொன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. டெக்னிக்கல் என்றால் பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு வழி மட்டுமே. பத்தாவதில் மொத்தம் 50 சதவீதமும், ஆங்கிலம், கணிதம், அறிவியலில் தலா 40 சதவீதமும் எடுத்து, குறிப்பிட்ட டிரேடுகளில் இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மோட்டார் வாகன மெக்கானிக், எலக்ட்ரானிக் மெக்கானிக் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஐ.டி.ஐ., டிப்ளமோ சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. 2025 முதல் ஒருவர் இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வைத் தமிழிலும் எழுதலாம். டெக்னிக்கல் ஒன்று, ஜி.டி. ஒன்று என்று இரண்டையும் போட்டுவிட்டால் "இடம் அதிகம்" என்ற வாதத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. தேர்வுக் கட்டணம் 250 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய் இந்த வாய்ப்பை விடக் கூடாது.

டெக்னிக்கலில் தேர்வானாலும் எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர் என்பது ராணுவத்தின் முடிவு. எந்த ரெஜிமென்டுக்கும் அனுப்பலாம், பிறகு மாற்றவும் செய்யலாம் என்பது அக்னிபத் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் 1780-இல் தொடங்கப்பட்டது. அதன் வீரர்களை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். தமிழ்ப் பையன்களில் பலருக்கும் அங்கே போகத்தான் ஆசை. ஆசைப்படலாம், ஆனால் யாராவது உறுதி கொடுத்தால் நம்பிவிடக் கூடாது.

கடற்படையில் இன்னும் கறார். சில்காவில் பயிற்சி நடக்கும்போதுதான் சேவையின் தேவைக்கேற்பக் கிளையை ஒதுக்குவார்கள். பிரான்சின் வெளிநாட்டுப் படையும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் ஒப்பந்தமே ஐந்து வருஷம், ஆளெடுப்பது பிரான்ஸ் மண்ணில் மட்டும், எங்கே என்ன வேலை என்பது படையின் தேவையைப் பொறுத்தது. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு "அந்தப் படையில் சேர்த்துவிடுகிறேன்" என்று பணம் கேட்பவன் பொய் சொல்கிறான்.

விண்ணப்பத்திலேயே தொழிலை உறுதி செய்துகொள்ள நல்ல வழி கடலோரக் காவல்படையில் இருக்கிறது. அங்கே யாந்திரிக் பணிக்கு மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று கிளை வாரியாகவே ஆளெடுக்கிறார்கள். பத்தாவதோடு டிப்ளமோ வேண்டும். அக்னிபத் அங்கே கிடையாது, அது நிரந்தர வேலை. அந்தப் படையின் மாவட்டத் தலைமையகம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பாலிடெக்னிக் சேரும் பையன்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த விவரங்கள் தெரியாத இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறான். "ஆபீஸ்ல நம்ம ஆளு இருக்காரு, நீ கேக்குற டிரேடே போட்டுத் தருவாரு" என்பான். பட்டியல் வரும்வரை பணத்தை வாங்கி வைத்திருப்பான். பையன் தன் சொந்த மதிப்பெண்ணில் தேறினால் அதையே தன் சாதனையாகக் காட்டுவான், தேறாவிட்டால் போனை எடுக்க மாட்டான். ராணுவ ஆளெடுப்பில் பணத்துக்கு வேலை இல்லை என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் ராணுவமே எச்சரிக்கிறது. சந்தேகம் இருந்தால் புதுச்சேரிப் பையன்கள் சென்னை ஆளெடுப்பு அலுவலகத்திலும், காரைக்கால் பையன்கள் திருச்சியிலும் நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜனவரி மாதத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, இறுதியாண்டு மாணவர்களை உட்காரவைத்து இந்தப் பிரிவுகளை ஐ.டி.ஐ.யே விளக்கலாம். இ.எம்.இ., சிக்னல்ஸ், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் போன்ற தொழில்நுட்பப் படைப்பிரிவுகளிலிருந்து ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் வந்து பேசுவார்கள். பெற்றோரையும் அழைக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் "எதுலயாவது சேர்ந்துடுப்பா" என்று சொல்வது அவர்கள்தான். பத்தாவது மதிப்பெண் பட்டியலையும் ஐ.டி.ஐ. சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் டிரேடு பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பையனும் அங்கேயே சரிபார்த்துவிட்டால், பிரவுசிங் சென்டரில் "ஜி.டி. போட்டுடவா?" என்ற கேள்வி வரும்போது அவன் தயங்காமல் பதில் சொல்வான்.