பதினாறு வயதில் கடைக்கு வரும் பிள்ளை

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் எமது கடைத் தெருவுக்கு ஒரு புதிய கூட்டம் வரும். பொருள் வாங்க அல்ல, வேலை கேட்டு. மீசை அரும்பாத பிள்ளைகள். சிலர் வாப்பாவோடு வருவார்கள், சிலர் தனியாக வந்து கடை வாசலில் தயங்கி நிற்பார்கள். "முதலாளி, ஆள் எடுக்கிறீங்களா?" என்பதுதான் கேள்வி. நாமும் எடுக்கிறோம். ஆள் பஞ்சம் உள்ள காலத்தில் எடுக்காமல் இருப்போமா?

நானும் எடுத்திருக்கிறேன். 2019 ஆம் ஆண்டு அப்படி வந்த ஒரு தம்பி எனது ஹார்ட்வெயார் கடையில் இன்றும் வேலை செய்கிறார். வாப்பா ஓட்டோ ஓட்டுபவர். வீட்டில் இவருக்கு இளையவர் மூவர். பெறுபேற்றுப் பத்திரத்தைப் பார்த்தேன், கணிதத்தில் 'ஏ' சித்தி. "கணக்குத் தெரிந்த பிள்ளை, கவுண்டருக்கு நல்லது" என்று எனக்குள் சொல்லிக் கொண்டேன். ஏன் உயர்தரம் படிக்கவில்லை என்று நான் கேட்கவே இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஒப்பந்தக்காரர் வீட்டு வேலைக்கான கம்பிப் பட்டியலோடு வந்தார். 12 மில்லிமீற்றர் கம்பி ஒரு தொன், 270 துண்டு என்று அதில் எழுதியிருந்தது. பட்டியலைப் பார்த்த தம்பி, "சேர், 270 வாறது 10 மில்லி கம்பிக்கு. 12 மில்லி, 6 மீற்றர் நீளமென்றால் ஒரு தொன்னுக்கு 188 அளவிலதான் வரும்" என்றார். அந்த மனிதர் தொலைபேசியை எடுத்துக் கணக்குப் பார்த்தார். தம்பி சொன்னது சரி. "எங்க படிச்சீங்க தம்பி?" என்று கேட்டார். "ஓ லெவலோட நிப்பாட்டிட்டேன் சேர்" என்று சொல்லிவிட்டு தம்பி அடுத்த பில்லை எழுதத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் அந்தப் பதில் இலேசாகப் போகவில்லை.

அன்று கடை மூடும் நேரம் அவரிடம் கேட்டேன், அந்த நாளில் மாதம் எவ்வளவு இருந்திருந்தால் படித்திருப்பீர் என்று. யோசிக்காமலே சொன்னார்: "பஸ்ஸுக்கும் ரெண்டு டியூஷனுக்கும் 6,000 இருந்தா போதும் முதலாளி." அவர் அந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்திருக்கிறார் என்று தெரிந்தது. 6,000 ரூபா வீதம் 24 மாதத்திற்கு 144,000 ரூபா. அதே 2019 இல் ஊரில் நடந்த பரிசளிப்பு விழா ஒன்றுக்கு நான் 50,000 ரூபா கொடுத்தேன். பெனரில் எனது கடையின் பெயர் பெரிதாக இருந்தது. தம்பியின் எட்டு மாதச் செலவு ஒரே மாலையில் போயிருக்கிறது.

இலவசக் கல்விக்கும் செலவு உண்டு

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். பாடசாலைக் கட்டணம் இல்லை, பாடநூலும் அரசாங்கம் தருகிறது. ஆனால் உயர்தரப் பிரிவு, அதிலும் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் எல்லாப் பாடசாலையிலும் இல்லை. பிள்ளை பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். சீசன் டிக்கெட் எடுத்தால் இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும். டியூஷன் இல்லாமல் உயர்தரம் இல்லை என்ற நிலைமையை நாம் எல்லோரும் அறிவோம். இவற்றையெல்லாம் விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அதை எந்தக் கொப்பியிலும் எழுத மாட்டார்கள். அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் சம்பளம்தான் அது.

இங்கே வயதைக் கவனியுங்கள். கட்டாயக் கல்வி வயது 16 உடன் முடிகிறது. 2021 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 16 தான். ஆகவே, பாடசாலைக் கதவும் கடைக் கதவும் ஒரே வயதில் திறந்திருக்கின்றன. ஒரு கதவில் செலவு, மறு கதவில் சம்பளம். ஏழை வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

அரசாங்க உதவிகள் இல்லாமல் இல்லை. 1981 இல் தொடங்கிய மஹாபொல பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்கானது. அங்கே போகும் பாதையில் உள்ள இரண்டு வருடத்துக்கு அது உதவாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் உதவிப்பணம் பத்து வயதில் எழுதும் பரீட்சையைக் கொண்டு தீர்மானிக்கப்படுவது. பத்து வயதில் பின்தங்கி பதினாறில் முன்னுக்கு வந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. 2022 இல் ஜனாதிபதி நிதியம் உயர்தர மாணவர்களுக்கு மாதம் 5,000 ரூபா வீதம் 24 மாதங்களுக்கு உதவும் திட்டமொன்றைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அப்போது ஒரு கல்வி வலயத்துக்கு 30 பேர்தான். ஒரு வலயத்தில் எத்தனை பாடசாலைகள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலேயர் போட்ட கணக்கு

இந்தப் பதினாறு வயதுப் பிரச்சினைக்கு இங்கிலாந்தில் ஒரு வைத்தியம் செய்து பார்த்தார்கள். அதைப் பற்றி வாசித்தபோது, இது வர்த்தகர்கள் அறிய வேண்டிய விடயம் என்று எனக்குப் பட்டது.

கல்விப் பராமரிப்புக் கொடுப்பனவு என்பது அதன் பெயர். சுருக்கமாக இ.எம்.ஏ. என்பார்கள். 1999 இல் சில பகுதிகளில் மட்டும் சோதனையாகத் தொடங்கி, 2004 இல் இங்கிலாந்து முழுவதற்கும் விரித்தார்கள். 16 வயதுக்குப் பின் பாடசாலையிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொடர்ந்து படிக்கும் பிள்ளைக்கு, வீட்டு வருமானத்தைப் பார்த்து வாரம் 10, 20 அல்லது 30 பவுண். வீட்டின் வருட வருமானம் 20,817 பவுணுக்கு மேற்படாவிட்டால் முழு 30 பவுண். 30,810 பவுணைத் தாண்டினால் எதுவும் இல்லை.

தொகையை விட, கொடுத்த முறைதான் என்னைக் கவர்ந்தது. பணம் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகும். அந்த வாரம் எல்லா வகுப்புக்கும் போயிருந்தால்தான் வரும். காரணமின்றி ஒரு வகுப்பைத் தவறவிட்டாலும் அந்த வாரப் பணம் இல்லை. பிள்ளை சனிக்கிழமை ஒரு கடையில் வேலை செய்து சம்பாதித்தால் அதற்காகக் கொடுப்பனவைக் குறைக்க மாட்டார்கள். எமது கடைகளில் நாள் சம்பளம் எப்படியோ, அப்படித்தான். வந்தால் சம்பளம்.

பலன் என்ன? லண்டனில் உள்ள நிதி ஆய்வுகளுக்கான நிறுவகம் சோதனைப் பகுதிகளை ஆராய்ந்தது. கொடுப்பனவுக்குத் தகுதி பெற்ற குடும்பங்களில் 16 வயதில் படிப்பைத் தொடர்ந்தோர் 65 சதவீதத்திலிருந்து 69 ஆகவும், 17 வயதில் 54 இலிருந்து 61 ஆகவும் உயர்ந்தனர் என்று அது கண்டது. இரண்டாம் வருடத்தில் வித்தியாசம் கூடுவதைப் பாருங்கள். சேர்ப்பதை விடத் தரிக்க வைப்பதில்தான் அந்தப் பணம் அதிகம் வேலை செய்திருக்கிறது.

நூற்றுக்குப் பன்னிரண்டு

ஆனால் 2010 ஒக்டோபரில் புதிய அரசாங்கம் இதை இங்கிலாந்தில் நிறுத்துவதாக அறிவித்தது. வருடச் செலவு சுமார் 560 மில்லியன் பவுண். சொல்லப்பட்ட முக்கிய காரணம் ஒரு கருத்துக்கணிப்பு. கொடுப்பனவு இல்லாவிட்டால் படிக்க வந்திருக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் 12 சதவீதத்தினர்தான். அப்படியானால் மற்ற 88 பேருக்கும் கொடுத்தது வீண்தானே என்றார்கள். அதற்குப் பதிலாக 180 மில்லியன் பவுணில் ஒரு உதவி நிதி வந்தது. பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்தோர் போன்ற மிகவும் நலிந்த பிரிவினருக்கு வருடத்துக்கு 1,200 பவுண் வரை, மீதியைப் பாடசாலையும் கல்லூரியும் தம் விருப்பப்படி பகிரலாம் என்ற ஏற்பாடு.

கேட்டவுடன் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வர்த்தகர்களாகிய நாம் இந்தக் கணக்கில் ஏமாறக் கூடாது. பெருநாள் காலத்தில் எல்லோருக்கும் பத்து வீதம் கழிவு கொடுக்கிறோம். வருவோரில் பெரும்பாலானோர் கழிவு இல்லாவிட்டாலும் எம்மிடம் வாங்கியிருப்பார்கள். அதற்காகக் கழிவு நட்டம் என்கிறோமா? கழிவுக்காகவே வந்த அந்தச் சிலரால் கிடைக்கும் இலாபம் மற்றவர்களுக்குக் கொடுத்த கழிவை ஈடு செய்கிறதா என்றுதானே பார்க்கிறோம்? மேற்சொன்ன நிறுவகமும் அதையே சொன்னது. கூடுதலாகப் படித்த அந்தச் சிலர் பிற்காலத்தில் உழைக்கும் அதிக சம்பளத்தைக் கணக்கிட்டால் திட்டத்தின் செலவு முழுவதும் ஈடாகிவிடும் என்பது அதன் மதிப்பீடு. அத்தோடு மற்ற 88 பேரும் அந்தப் பணத்தை ஆற்றில் கொட்டவில்லை. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும்தானே அது உதவியிருக்கும்?

வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய பகுதிகள் இ.எம்.ஏ.யைக் கைவிடவில்லை. வேல்ஸ் 2023 இல் வாரத் தொகையை 30 இலிருந்து 40 பவுணாக உயர்த்தியது. ஒரே இராச்சியத்தில் ஒரு பகுதி நட்டம் என்று மூடியதை மற்றவை இலாபம் என்று நடத்துகின்றன.

எமது கையில் உள்ளது

புலமைப்பரிசில் எமது சமூகத்துக்குப் புதிதல்ல. மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை 1945 இலேயே ஆரம்பித்தார். அன்று முதல் தனவந்தர்கள் கொடுத்தே வந்திருக்கிறார்கள். இன்றும் கொடுக்கிறார்கள். எனது குறை, கொடுக்கும் முறையைப் பற்றியது. அதில் முதல் குற்றவாளி நானே என்பதை மேலே ஒப்புக்கொண்டு விட்டேன்.

நாம் ரமழானில் மொத்தமாகக் கொடுக்கிறோம். பிள்ளையின் செலவோ மாதாமாதம் வருகிறது. நாம் பெறுபேறு வந்தபின் 'மூன்று ஏ' எடுத்தவரை மேடைக்கு அழைத்துக் கொடுக்கிறோம். வழியில் விழுந்தவர் அந்த மேடைக்கு வருவதில்லை. ஸகாத்தை எப்படிப் பகிர்வது என்று சொல்வது உலமாக்களின் வேலை. ஸதகாவாகவும் நன்கொடையாகவும் கொடுப்பதைப் பற்றி ஒரு வர்த்தகனாகச் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, பெரிய தொகையைச் சிறிதாக உடையுங்கள். 24 மாதத்துக்கு உறுதி கொடுங்கள். இன்றைய விலைவாசியில் அந்தத் தம்பி சொன்ன 6,000 ஐ இரட்டிப்பாக்கி 12,000 என்று வைத்தாலும், மொத்தம் 288,000 ரூபா. ஒரு நாளைக்கு 400 ரூபா. இரண்டு கடைகள் சேர்ந்தால் ஆளுக்கு 200.

இரண்டாவது, பிள்ளையின் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். மாதம் ஒரு முறை பாடசாலையிலிருந்து வரவைக் கேட்டுப் பாருங்கள். சுகவீனம் வந்தால் வெட்ட வேண்டாம். காரணமின்றி நின்றால் முதலில் பிள்ளையோடு பேசுங்கள், பிறகு வெட்டுங்கள்.

மூன்றாவது, உயர்தரத்தோடு நிற்க வேண்டாம். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் 2017 இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. மின்னிணைப்பு, குளிரூட்டி, வாகனத் திருத்தம் படிக்கும் பிள்ளைக்கும் பஸ் கட்டணம் ஒன்றுதான். பெண் பிள்ளைகளை மறக்க வேண்டாம். அவர்கள் கடைக்கு வேலை கேட்டு வருவதில்லை என்பதால் படிப்பை நிறுத்தியது எமது கண்ணில் படுவதுமில்லை.

நான்காவது, பெனர் வேண்டாம், புகைப்படம் வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு மானம் அதிகம். மேடையில் நிற்க வெட்கப்பட்டே உதவியை மறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, எமக்குக் கொஞ்சம் கசப்பானது. பெறுபேறு வந்த கையோடு ஒரு பிள்ளை வேலை கேட்டு வந்தால், முதலில் பெறுபேற்றைக் கேளுங்கள். பிறகு ஏன் படிக்கவில்லை என்று கேளுங்கள். பதில் பணம் என்றால், வேலையைக் கொடுக்கும் முன் அந்தப் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். பாடசாலை விடுமுறைக் காலத்தில் வேலை கொடுங்கள். எமக்கு ஒரு மலிவான, கெட்டிக்கார ஆள் கைநழுவிப் போவார் என்பது உண்மைதான். ஆனால் கணக்கு, கணினி, ஆங்கிலம் தெரிந்த ஆள் கிடைக்கவில்லையே என்று சங்கக் கூட்டங்களில் முறையிடுபவர்களும் நாம்தானே? பதினாறு வயதில் நாம் வாங்கிக் கொண்ட பிள்ளையை இருபத்திரண்டு வயதில் தேடினால் எங்கே கிடைப்பார்?

எமது கடைத் தம்பி இப்போது வார இறுதியில், கட்டடப் பொருள் அளவும் செலவு மதிப்பீடும் படிக்கும் பகுதிநேர வகுப்பொன்றுக்குப் போகிறார். கட்டணம் கடையின் கணக்கில். சனிக்கிழமைதான் எமக்கு வியாபாரம் கூடிய நாள். அன்று கவுண்டரில் நானே நிற்கிறேன். கால் வலிக்கிறது. கம்பி நிறையையும் நீளத்தையும் கேட்டால் இன்னும் கல்குலேட்டரைத் தேடுகிறேன். இவரை 2019 இல் பாடசாலைக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்நேரம் எந்த நிலையில் இருந்திருப்பார் என்ற கணக்கை மட்டும் என்னால் போட முடியவில்லை.

அடுத்த பெறுபேறு வரும்போது மீண்டும் பிள்ளைகள் எமது கடை வாசலில் நிற்பார்கள். இந்த வாரம் உங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, நாளொன்றுக்கு 400 ரூபா எங்கிருந்து எடுக்கலாம் என்று ஒரு தடவை பாருங்கள்.