வெசாக்குக்கு முன் மலையேறுவோர் கவனத்துக்கு
சிவனொளிபாதமலையில் உயரத்தைவிட ஈரத்துக்கே அஞ்ச வேண்டும்

இலங்கையின் மலைகளில் வெண்பனி பெய்வதில்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் துகள் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கும்; வெயில் ஏறியதும் கரைந்துவிடும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் சிவனொளிபாதமலைக்குப் புறப்படுவோர் குளிரைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் மழையும் காற்றும் குளிரும் ஒன்றுசேர்வது யாத்திரைக் காலத்தின் இந்தக் கடைசி வாரங்களில்தான்.

காலநிலை மாறும் நேரம்

டிசம்பரில் உந்துவப் பௌர்ணமியோடு தொடங்கும் யாத்திரை, மே மாதம் வெசாக் பௌர்ணமியோடு நிறைவடைகிறது. தொடக்க மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். மார்ச், ஏப்ரல் இடைப்பருவத்தில் காலை வெயிலும் பிற்பகல் இடிமழையும் வழக்கமாகிவிடும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மலையின் மேற்குச் சரிவில் நேராக மோதும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் குடும்பம் குடும்பமாக மலையேறுவதும் இந்த இடைப்பருவத்தில்தான்.

ஈரம் குளிரை எப்படிக் கூட்டுகிறது?

மலையின் உயரம் 2,243 மீற்றர். ஹட்டன், மஸ்கெலியா வழியாக வருவோர் நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம் ஏற வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு வெப்பநிலை சராசரியாக 6 பாகை செல்சியஸுக்கு மேல் குறையும். உச்சியில் வீசும் காற்றையும் சேர்த்தால், உடல் உணரும் குளிர் இன்னும் அதிகம்.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வையிலோ மழையிலோ நனைந்த பருத்தித் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சுகிறது. ஆகவே நீர் உறையும் அளவுக்குக் குளிர் இல்லாவிட்டாலும் உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துபோகலாம். யாத்திரிகர் உடுத்தும் வெள்ளை ஆடை பெரும்பாலும் பருத்திதான்.

இதற்கான மருந்தைத் தோட்டத்துப் பெண்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். மழையில் கொழுந்தெடுக்கப் போனவர்கள் தலையில் கம்பளியைப் போர்த்தி, இடுப்பில் படங்கைக் கட்டினார்கள். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். படங்கு ஈரத்தை உடம்புக்கு விடாது. மலையேறுவோருக்கும் அதே இரண்டுதான் தேவை: உள்ளே கம்பளி ஸ்வெட்டர், வெளியே மழை அங்கி. ஒரு சட்டையையும் ஒரு சோடிக் காலுறையையும் பொலித்தீனில் சுற்றிப் பையில் வையுங்கள். வழியிலுள்ள சீத கங்குலை ஓடையில் நீராடியதும் நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள். உச்சிக்குச் சற்று முன்பே வியர்த்த சட்டையை மாற்றிவிடுங்கள். ஏறும்போது நடையே உடம்பைச் சூடாக்கும். சூரியோதயத்துக்காக அசையாமல் காத்திருக்கும் நேரத்தில்தான் குளிர் பிடிக்கும்.

நேரக் கணக்கு

நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கி, உதயம் கண்டு உடனே இறங்கும் பழைய வழக்கம் பாதுகாப்புக்கும் உகந்தது. நண்பகலுக்குள் அடிவாரத்தில் இருந்தால் பிற்பகல் இடிமழையிலிருந்து தப்பலாம். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 செக்கனுக்கும் குறைவு என்றால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். உச்சியையும் திறந்த வெளியையும் விட்டு இறங்குங்கள். இரும்புக் கைப்பிடிகளிலிருந்து விலகுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். இடி ஓய்ந்து அரை மணி நேரமாவது கழியட்டும்.

உச்சிக்கு அருகே படிகள் மிகச் செங்குத்தானவை. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, ஏறுவோர் பற்றிக்கொள்ள மாட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று சிமெந்துப் படியும் கைப்பிடியும் உண்டு. ஆனால் பாசி படிந்த ஈரப்படியில் இறப்பர் செருப்பு நிற்காது. அடிப்பிடி உள்ள சப்பாத்து வேண்டும். முழங்கால் தளர்ந்திருக்கும் இறக்கத்தில்தான் வழுக்கல் அதிகம் என்பதால், குறுகிய அடி வைத்து, படியின் ஓரமாக இறங்குங்கள். மூடுபனியில் குறுக்குவழி தேடிக் காட்டுக்குள் இறங்கவே கூடாது. வெசாக்குக்குப் பின் வழிவிளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வெண்பனி மலைகளிலும்

சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் வாழும் நம் உறவுகள் மே மாதத்தில் மலைநடை போனால், இதே ஈரத்தை வேறு உருவில் சந்திப்பார்கள். இரவில் இறுகும் பனி காலையில் உறுதியாக, ஆனால் வழுக்கலாக இருக்கும். பிற்பகலில் இளகி, கால் புதையும். ஓடைகளுக்கு மேலுள்ள பனிப்பாலங்கள் மெலிந்து உடையும். செங்குத்துச் சரிவுகளில் ஈரப்பனிச் சரிவு நேரும். அங்கும் விடிவதற்கு முன் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்குவதே அனுபவசாலிகளின் வழி.

எப்போது திரும்ப வேண்டும்?

உடன் வருபவர் விடாமல் நடுங்கினால், பேச்சு குழறினால், பொத்தானைப் போடக் கை தடுமாறினால் ஏற்றத்தை நிறுத்துங்கள். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த துணியும் போர்வையும் சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புத் தேநீர் கொடுங்கள். மதுபானம் வேண்டாம், அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியேற்றும். குளிரிலிருந்து மீளாமலே நடுக்கம் நின்றால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலும் ஓரடிகூட மேலே வைக்கக் கூடாது. இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நேர்த்திக்கடன் இருக்கிறதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று: பாதி வழியில் திரும்புவது தெய்வக் குற்றமாகாது. வயதானவரையும் குழந்தையையும் நடுக்கத்தோடு மேலே இழுத்துச் செல்வதில் புண்ணியம் எதுவும் இல்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட்டே ஹட்டனுக்குப் பஸ் ஏறுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸாருக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. மூன்று எண்களையும் புறப்படுமுன்பே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.