குப்பியில் இல்லாத பச்சை

வியட்நாம் போரில் பறந்த எஃப்-4 ஃபேன்டம் விமானத்தின் பிளாஸ்டிக் கிட்டை வாங்கிப் பெட்டியைத் திறந்தால், வழிகாட்டித் தாளில் நான்கு எண்கள் இருக்கும்: 34079, 34102, 30219, 36622. முதல் இரண்டும் பச்சை. மூன்றாவது மண்பழுப்பு. நான்காவது, அடிவயிற்றுக்கான வெளிர்சாம்பல். இந்த எண்களுக்குரிய பெயிண்டை வாங்கிப் பூசிவிட்டால் விமானம் தயார் என்றுதான் முதலில் எல்லோரும் நினைக்கிறோம். என் முதல் ஃபேன்டமை நானும் அப்படித்தான் பூசினேன். எண்ணில் பிழையில்லை, பெயிண்டிலும் பிழையில்லை. ஆனால் அலமாரியில் வைத்துப் பார்த்தபோது இரண்டு பச்சைகளும் ஒன்றாகக் கலந்து, விமானம் இருட்டில் நிற்பதுபோல் கறுத்துத் தெரிந்தது. ஏன் என்று தேடப் போய்த்தான் நிறம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க அரசு 1956-இல் ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற நிறத் தொகுப்பை வெளியிட்டது. ராணுவத்துக்குப் பெயிண்ட் தயாரிப்பவர் யாராக இருந்தாலும் ஒரே பச்சையைத் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். 2017-இல் அரசு அதைக் கைவிட, எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரநிலையாக அது தொடர்கிறது, எண்கள் மாறவில்லை. ஐந்து இலக்கங்களில் முதலாவது பளபளப்பைச் சொல்லும்: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் அரைப் பளபளப்பு, 3 என்றால் மங்கல். இரண்டாவது நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். கடைசி மூன்றும் தோராயமாக வெளிச்ச வரிசை. எண் கூடக் கூட நிறம் வெளிறும். 34079 அடர்பச்சை, 34102 அதைவிட வெளிர்ந்த பச்சை என்பதை டப்பாவைத் திறக்காமலே சொல்லிவிடலாம். முதல் இலக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. 16440, 36440 இரண்டும் ஒரே சாம்பல்தான். ஒன்று மின்னும், மற்றது மின்னாது.

ஹம்ப்ரால் என்ற நிறுவனத்தின் பெயிண்ட் வரிசையில் இந்த நான்கும் 116, 117, 118, 28. ஜப்பானின் மிஸ்டர் கலரில் 309, 303, 310, 311. இரண்டு நிறுவனங்களின் குப்பிகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஒப்பீட்டு அட்டவணை என்பது ‘கிட்டத்தட்ட இது’ என்று கைகாட்டும் பலகை, அவ்வளவுதான். அதனால் எந்தப் பெயிண்டையும் முதலில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறமாகவும் காய்ந்தபின் ஒரு நிறமாகவும் இருப்பது பெயிண்டின் இயல்பு.

பகல் வெளிச்சம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடை விளக்கில் புடவைக்குப் பொருத்தமாக எடுத்த ரவிக்கைத் துணி, வாசலுக்கு வந்ததும் ஒட்டாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெவ்வேறு சாயங்களால் உண்டான இரண்டு நிறங்கள் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். பெயிண்டிலும் இதுவே நடக்கும். மாதிரி விமானத்தை எங்கே வைக்கப்போகிறோமோ அந்த விளக்கிலும் கரண்டியை ஒருமுறை பிடித்துப் பார்ப்பது நல்லது.

இனி என் ஃபேன்டம் கறுத்த கதைக்கு வருகிறேன். உண்மையான எஃப்-4சி சுமார் 17.8 மீட்டர் நீளம். 1/48 அளவு மாதிரி 37 சென்டிமீட்டர். அதை அரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, நிஜ விமானத்தை 24 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். இடையில் உள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்யும், அதனால் மாதிரிக்கு நிறத்தைக் குறைக்க வேண்டும் என்று மாதிரி செய்பவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். முடிவு சரி, காரணம் எனக்கு ஒப்பவில்லை. தெளிந்த நாளில் 24 மீட்டர் காற்று என்ன செய்துவிடும்? வெளிச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். உச்சிவெயிலில் தரையில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் ஒளி விழுகிறது. ட்யூப்லைட் போட்ட நம் அறையில் சில நூறு லக்ஸ்தான். வெளிச்சம் குறையக் குறைய நிறங்களின் துடிப்பும் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடும் நம் கண்ணுக்குக் குறைந்து தெரியும். அட்டையில் சிறு சதுரமாகப் பார்த்துத் தேர்ந்த நிறம் சுவர் முழுக்க அடித்தபின் எடுப்பாகத் தெரிகிறதே, அதுவும் சேர்ந்துகொள்கிறது: பரப்பு சிறுத்தால் நிறம் மங்கித் தெரியும்.

ஆகவே வெளிர வைக்க வேண்டும். வெள்ளையைக் கலந்தால் பச்சை உயிரிழந்து பால்நிறமாகும், மண்பழுப்பு இளஞ்சிவப்புப் பக்கம் சாயும். நான் வெளிர்மஞ்சள் கலந்த சந்தன நிறத்தைச் சேர்க்கிறேன். டமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-57 பெயிண்ட் இதற்கு அருமையாக உதவும். பத்துச் சொட்டுப் பச்சைக்கு ஒரு சொட்டில் தொடங்கிக் கரண்டியில் பார்த்துப் பார்த்துக் கூட்டலாம்.

இன்னொரு கேள்வி, எந்த நாளின் விமானம்? தாய்லாந்தின் உபோன், உதோர்ன் தளங்களில் அந்த விமானங்கள் வெயிலிலும் பருவமழையிலும் நின்றன. புற ஊதாக் கதிர் பெயிண்டின் பிசினைச் சிதைத்து மேற்பரப்பைத் தூளாக்கும். வெயிலிலேயே நிற்கும் பழைய காரின் போனட்டை விரலால் தேய்த்தால் மாவு ஒட்டுமே, அதேதான். தூளான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நிறம் வெளுக்கும். பராமரிப்புக்காரர்கள் புதிய பெயிண்டால் தொட்டுவிட்ட இடங்கள் மட்டும் அடர்ந்த திட்டாக நிற்கும்.

இதற்கு அந்தக் காலத்துப் புகைப்படங்கள்தான் சாட்சி. ஆனால் ஃபிலிமும் வயதாகி நிறம் மாறும். படத்தில் முதலில் விமானத்தின் மேலுள்ள வெள்ளை நட்சத்திரச் சின்னத்தைப் பாருங்கள். அது மஞ்சளாகத் தெரிந்தால் பச்சையிலும் அந்த மஞ்சள் ஏறியிருக்கிறது என்று கழித்துக்கொள்ள வேண்டும். அருங்காட்சியக விமானங்களிடம் வடிவம் கேட்கலாம்; நிறத்துக்கு அவற்றை நம்புவதில்லை, பல விமானங்கள் பிறகு மறுபடி பூசப்பட்டவை.

மற்றவை எளிது. விமானி அறை 36231 சாம்பல், சக்கரக் குழிகள் பளபளப்பு வெள்ளை. எஞ்சின் புகைவாயை அடுத்த அடிப்பகுதியில் பெயிண்டே கிடையாது; வெப்பம் தாங்கும் வெற்று உலோகம். மங்கல் பெயிண்ட்மேல் டீக்கலை, அதாவது சின்னங்களும் எண்களும் அச்சிட்ட ஒட்டுப்படத்தை, நேரடியாக ஒட்டினால் சொரசொரப்பில் காற்று சிக்கி வெள்ளியாய் மின்னும். பளபளப்பு வார்னிஷ் பூசி, டீக்கல் ஒட்டி, கடைசியில் மங்கல் வார்னிஷால் மூடினால் 3-இல் தொடங்கும் அந்த எண்ணுக்கு உரிய தோற்றம் திரும்பிவிடும்.

இப்போது என் மேசையில் இருப்பது இரண்டு மழைக்காலம் கண்ட ஒரு ஃபேன்டம். முதுகில் மண்பழுப்பு வெளுத்திருக்கிறது. விமானி ஏறி இறங்கும் இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு நிகராக ஒரு சிறு துண்டு, கலப்பே இல்லாத 34079.