எத்தனை படி ஏறுவீர்கள்?

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வசிப்பது மாடி வீட்டின் மூன்றாம் தட்டில். லிஃப்ட் கிடையாது. என் உம்மும்மா கீழிருந்து வரும்போது இரண்டாம் தட்டில் எப்போதும் நிற்பார். அங்குள்ள வீட்டு ஆன்டியிடம் சுகம் விசாரிப்பார். ஆன்டி இல்லாவிட்டால் கையிலிருக்கும் பையில் எதையோ தேடுவார். அவருக்கு மூச்சு வாங்குகிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைச் சொன்னதில்லை.

கடந்த வருடம் உம்மும்மாவின் பித்தப்பையில் கற்கள் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அரச வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தது. அதற்கு முன் மயக்க மருந்து வைத்தியரின் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். உம்மாவுக்கு வேலை இருந்ததால் நான் கூடப் போனேன். உம்மும்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. எனவே நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

வைத்தியர் கேட்ட முதற் கேள்விகளில் ஒன்று எனக்கு வியப்பாக இருந்தது. "நிற்காமல் எத்தனை மாடி ஏறுவீங்க?"

நான் தமிழில் கேட்டேன். உம்மும்மா யோசிக்கவே இல்லை. "மூணு மாடியும் ஏறுவேன்டு சொல்லு மகள். இல்லாட்டி ஒப்பரேஷனை நிப்பாட்டிருவாங்க."

நானும் அப்படியே சொன்னேன், இரண்டாவது வசனத்தை விட்டுவிட்டு.

அந்தக் கேள்வி ஏன் கேட்கப்பட்டது என்று அன்று எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன், வைத்தியரிடமும் கேட்டேன். அறிந்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

படியும் இதயமும்

சத்திரசிகிச்சை என்றால் நோயாளி சும்மா படுத்திருக்கிறார், வைத்தியர்தான் வேலை செய்கிறார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நோயாளியின் உடலும் கடுமையாக வேலை செய்கிறது. மயக்க மருந்து குருதிக் கலன்களைத் தளர்த்துவதால் குருதி அமுக்கம் இறங்குகிறது. பல சத்திரசிகிச்சைகளில் தசைகளும் தளர்த்தப்படுவதால் சுவாசத்தை இயந்திரம் பொறுப்பேற்கிறது. பித்தப்பையைச் சிறு துளைகள் வழியாக அகற்றும்போது வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்துவார்கள். அது பிரிமென்றகட்டை மேலே தள்ளி, சுவாசப்பை விரியும் இடத்தைக் குறைக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்த பின்னரும் காயம் ஆறுவதற்கு உடலுக்கு அதிக ஒட்சிசன் தேவைப்படும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது இதயமே.

இந்தக் கூடுதல் சுமையை இதயமும் சுவாசப்பையும் தாங்குமா என்பதை முன்கூட்டியே அறிய ஓர் எளிய வழி, அன்றாட வாழ்க்கையில் அவை எவ்வளவு தாங்குகின்றன என்று பார்ப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்துகிறார். இதை 1 மெற் என்கிறார்கள். நிற்காமல் இரண்டு மாடி ஏறுவதற்கு ஏறத்தாழ 4 மெற் வேண்டும். அதைச் செய்ய முடியாதவருக்குச் சத்திரசிகிச்சையின்போது கூடுதல் கவனம் தேவை. செலவில்லாத இந்தப் பரிசோதனைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பதில் உண்மையாக இருக்க வேண்டும்.

பதினைந்து வயதுச் சிறுமி

1846 ஒக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதரைக் கொடுத்து, வலியில்லாமல் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அடுத்த ஆண்டு குளோரோஃபோம் வந்தது. உலகமே மகிழ்ந்தது. ஆனால் 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகே ஹானா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோஃபோம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்துபோனாள். குளோரோஃபோமினால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுதான். அவள் ஏன் இறந்தாள் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

என்னை விட இரண்டு வயது இளையவள். சிறிய சத்திரசிகிச்சை. இதை வாசித்தபோது, "சின்ன ஒப்பரேஷன்தானே" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது நினைவுக்கு வந்தது. வெட்டு சிறியதாக இருக்கலாம். மயக்க மருந்து முழு உடலுக்குள்ளும் போகிறது. அந்தக் காலத்தில் லண்டனில் இருந்த ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இத்தகைய மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மருந்தை அளந்து கொடுக்கும் கருவிகளை உருவாக்கினார். மயக்க மருந்து ஒரு தனி மருத்துவத் துறையாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

என்னென்ன பார்க்கிறார்கள்?

முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறார்கள். சுவாசக் குழாய் வாய் வழியாகவே வாதனாளிக்குள் செலுத்தப்படும். நாக்கை நீட்டும்போது தொண்டையின் உட்பகுதி எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து, அது இலகுவா கடினமா என்று ஊகிக்கலாம். இந்த முறையை 1985 இல் விளக்கியவர் இந்தியாவில் பிறந்த மல்லம்பட்டி என்ற வைத்தியர். இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. பாக்கு போட்டு நீண்ட காலம் வெற்றிலை மெல்லுபவர்களில் சிலருக்கு வாயின் உட்பகுதி தடித்து இறுகி, வாய் முழுதாகத் திறக்காமல் போகும். ஆடும் பல்லையும் கட்டுப்பல்லையும் பற்றிக் கேட்பதும் இதனால்தான்.

அடுத்து மருந்துகள். குருதி உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், சீனி வருத்தத்துக்கான மாத்திரைகள், இன்சுலின் ஆகியவற்றில் சிலவற்றை முன்கூட்டியே நிறுத்த வேண்டும், சிலவற்றைத் தொடர வேண்டும். எதை, எப்போது என்பதை வைத்தியரே சொல்வார். கசாயம், சூரணம், கடையில் வாங்கிய சத்து மாத்திரை எல்லாம் "மருந்து" என்ற கணக்கில் வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். அவையும் உடலுக்குள் வேலை செய்பவையே. அவற்றையும் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தினால் பிரச்சினை வந்ததா என்றும் கேட்பார்கள். சில மருந்துகளுக்கு உடல் தவறாக எதிர்வினை காட்டும் இயல்பு பரம்பரையாக வரக்கூடியது. பிறகு தேவைக்கேற்ப ஈசிஜி, ஈமோகுளோபின், குருதிச் சீனி, சிறுநீரகப் பரிசோதனைகள். எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் தேவையில்லை. கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களே எது தேவை என்று காட்டும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்து நோயாளியை ஒரு வகுப்பில் வைக்கிறார்கள். 1941 இல் அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர்கள் தொடக்கிவைத்த வகைப்படுத்தல் இது. பின்னர் திருத்தப்பட்டு உலகெங்கும் பயன்படுகிறது. முதலாம் வகுப்பு ஆரோக்கியமானவர். இரண்டாவது, கட்டுப்பாட்டிலுள்ள சீனி வருத்தம் போன்ற இலேசான நோயுள்ளவர். மூன்றாவது, கடுமையான நோயுள்ளவர். நான்காவது, அந்த நோயே எப்போதும் உயிருக்கு அச்சுறுத்தலாக உள்ளவர். ஐந்தாவது, சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார் என்ற நிலையிலுள்ளவர். ஆறாவது, மூளைச்சாவடைந்து உறுப்பு தானம் செய்பவர். ஐந்தாம் வகுப்பில் உள்ளவருக்கும் சத்திரசிகிச்சை நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே இது சித்தியா தவறா என்று பார்க்கும் பரீட்சை அல்ல. எவ்வளவு ஆயத்தம் தேவை என்பதற்கான கணக்கு.

நோன்பும் வெறும் வயிறும்

"நான் ஸஹர் செய்து நோன்பு பிடிச்சிட்டு வாறேனே" என்றார் உம்மும்மா. வைத்தியர் சிரித்துக்கொண்டே நேரங்களை எழுதித் தந்தார். பொதுவாகச் சத்திரசிகிச்சைக்கு 6 மணித்தியாலங்களுக்கு முன் சாப்பாட்டையும், 2 மணித்தியாலங்களுக்கு முன் தண்ணீரையும் நிறுத்துவார்கள். பால் இல்லாத பிளேன்டீ தண்ணீர்க் கணக்கு. பால் தேநீர் சாப்பாட்டுக் கணக்கு. மயக்கத்தில் இருமும் ஆற்றல் இல்லாததால் இரைப்பையில் உள்ளது மேலே வந்து சுவாசப்பைக்குள் போய்விடலாம். நியூயோர்க்கில் பிரசவத் தாய்மார்களுக்கு இப்படி நேர்ந்ததை மெண்டல்சன் என்ற வைத்தியர் 1946 இல் விளக்கிய பின்னரே இந்த ஆபத்து உலகத்தின் கவனத்தைப் பெற்றது. எனவே "ஒரு பிஸ்கட்தானே" என்று இரக்கப்பட்டுக் கொடுப்பது இரக்கமல்ல.

நான் மறைத்த வசனம்

வைத்தியர் உம்மும்மாவின் நெஞ்சில் கருவியை வைத்து நீண்ட நேரம் கேட்டார். பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "வீட்டில் மாடி இருக்கா மகள்? நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

உம்மும்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடி இறுகியது. நான் இரண்டாம் தட்டைப் பற்றிச் சொன்னேன்.

சத்திரசிகிச்சை பிற்போடப்பட்டது. எக்கோ பரிசோதனையில், பாடத்தில் நாங்கள் வரைந்து பெயரிடும் அரைமதி வால்வுகளில் ஒன்று, பெருநாடி தொடங்கும் இடத்தில் உள்ளது, சுருங்கியிருப்பது தெரிந்தது. அந்தச் சிறிய வாயிலூடாக இதயம் தேவைக்கேற்பக் கூடுதல் குருதியை அனுப்ப முடியாது. மயக்க மருந்தினால் குருதி அமுக்கம் திடீரென இறங்கினால் இதயத்துக்கே குருதி போதாமல் போகலாம். அவர் மூன்றாம் வகுப்பு.

வெள்ளவத்தையிலிருந்து மாமா கோபத்தோடு வந்தார். "எவ்வளவு நாள் காத்திருந்து கிடைச்ச திகதி! வாயை வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே" என்றார். மாமாவின் மகளுடைய கல்யாணத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பது அவரது கவலை. இடையில் கல் வலி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. பித்தப்பை அழுகினாலோ குடல்வால் வெடித்தாலோ காத்திருக்க முடியாது. அப்போது உள்ள நிலையிலேயே செய்வார்கள். ஆனால் காத்திருக்கக்கூடிய சத்திரசிகிச்சையில், காத்திருக்கும் காலம் வீணல்ல. குருதிச்சோகையைச் சரிசெய்யலாம், சீனியைக் கட்டுப்படுத்தலாம், புகைப்பதை நிறுத்தலாம், தினமும் நடந்து உடலைப் பலப்படுத்தலாம்.

மூன்று மாதம் கழித்து, இதய நிபுணரின் ஆலோசனையோடும் கூடுதல் கண்காணிப்போடும் உம்மும்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், நலமாக வந்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிமொழியை மாமாவுக்கு எடுத்துச் சொன்னவர் உம்மும்மாதான். அந்தக் கயிற்றை நான் ஒரு நிமிடம் அவிழ்த்துவிட்டிருந்தேன் என்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

தோழிகளே, நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்களுக்கு வைத்தியசாலையில் நாக்காக இருக்கிறோம். அவர்கள் சொல்வதை முழுதாகச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதை நீங்கள் கண்டிருந்தால், அதையும் மரியாதையோடு சொல்லுங்கள். பெற்றோர்களே, குடிக்கும் மருந்துகளின் பட்டியலொன்றை எழுதிப் பையில் வையுங்கள். பழைய கிளினிக் கொப்பிகளை எறியாதீர்கள்.

இப்போதும் உம்மும்மா இரண்டாம் தட்டில் நிற்கிறார். ஆனால் பைக்குள் எதையும் தேடுவதில்லை. "மூச்சு வாங்குது மகள், கொஞ்சம் இரு" என்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு