இருவர்க்கு ஓர் ஓய்விடம்: நெய்யாற்றின் பொழிமுகம்

ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் ஓய்வு என்னும் சொல் வழக்கில் உண்டு; பொருள்தான் இல்லை. ஆண்டுக்கொருமுறையோ ஈராண்டுக்கொருமுறையோ விடுமுறை பெற்றுத் தாயகம் செல்கிறோம். சென்றிறங்கிய நாள்முதல் திருமணம், காதணி விழா, குலதெய்வ வழிபாடு, பட்டா மாற்றம், பல் மருத்துவர் என்று ஓடியாடி, புறப்பட்டபொழுது இருந்ததினும் மிகுந்த களைப்போடு திரும்பி வருகிறோம். இளையோர் இதைத் தாங்குவர். அறுபதைக் கடந்தோர் நிலை வேறு. பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் பேரக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், பகலெல்லாம் வீட்டுக்குக் காவலிருப்பதும், மாலையில் பால் காய்ச்சி வைப்பதும் அவர்கள் பொறுப்பே. கணவனும் மனைவியுமாய், வேறெவருமின்றி, ஒரு வாரம் எங்கேனும் சென்று தங்கியதுண்டா என்று நம் சங்கத்து முதியோரைக் கேட்டுப் பாருங்கள். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போய்வந்தோம் என்பார்கள். அதுவும் இருபது பேர் கொண்ட கூட்டத்தோடு, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஓடிய ஓட்டமாகவே இருந்திருக்கும்.

தீவு ஒன்றிற்குச் சென்று தங்குங்கள் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. மாலத்தீவும் மொரீசியசும் பாலியும் அழகியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உடைய எழுபது அகவையினர், இரண்டு விமானம் மாறி, மொழி தெரியாத ஊரில் இறங்கி, நாளை சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்று எண்ணியவாறு கட்டிலில் படுத்திருத்தல் ஓய்வாகுமா? நம்மவருள் பெரும்பாலோர் எப்படியும் தாயகம் செல்வோரே. ஆகவே அவ்வழியிலேயே, தமிழ் பேசினால் விளங்கிக்கொள்ளும் மக்கள் நடுவே, நீர்சூழ்ந்த ஓரிடத்தைப் பற்றி இங்கே எழுதத் துணிந்தோம்.

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில் குளத்தூர் என்றோர் ஊர் உளது. கிழக்கே பாறசாலை, மேற்கே பூவாறு, கடலோரத்தில் பொழியூர், தென்கிழக்கே எல்லையைக் கடந்தால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோடு. அகத்தியமலையில் தோன்றி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு பூவாற்றில் கடல் சேர்கிறது. சேருமிடத்தில் அது நேரே கடலுக்குள் பாய்ந்துவிடுவதில்லை. அலை கொணர்ந்து குவித்த மணல்மேடு குறுக்கே நீண்டு கிடக்கிறது. அதன் உட்புறம் ஆறு அகன்று, காயலாகி, தயங்கி நிற்கிறது. ஒருபுறம் இலை விழுந்தால் வட்டமிடும் நீர். சிறிது மணலுக்கு அப்பால் ஓயாத கடல். இரண்டையும் ஒரே நாற்காலியில் அமர்ந்தவாறு காணலாம்.

விளம்பரம் செய்வோர் இதனைத் தீவு என்றே எழுதுகின்றனர். நிலநூல் வல்லார் ஒப்புவரோ என்னவோ. ஆற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தென்னந்தோப்புத் திட்டுகள் என்பதே பொருந்தும். ஆனால் இங்குள்ள விடுதிகள் சிலவற்றுக்குப் படகில் மட்டுமே செல்ல இயலும். பெட்டியைப் படகில் ஏற்றிக் கரையைவிட்டு நீங்கிய அந்த நொடியில் மோட்டார் வண்டிகளின் ஓசை பின்தங்கிவிடுகிறது. "இந்த வழியாக வந்தோம், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று" என்று கூறிக்கொண்டு எந்த உறவினரும் அங்கே கதவைத் தட்டமாட்டார். முதியோர்க்குத் தீவினால் விளையும் பயன் இதுவன்றோ?

மணல் அடைத்தும் திறந்தும் இருக்கும் ஆற்றுவாயைக் குமரி மாவட்டத்தார் பொழி என்பர். மலையாளத்திலும் அதே சொல்லே வழங்குகிறது. பொழியூர் என்னும் ஊர்ப்பெயரும் அதைக் காட்டுகிறது. கோடையில் ஆற்றில் நீர் குறையுங்கால் அலை மணலைக் கொணர்ந்து வாயை அடைக்கும். மழையில் வெள்ளம் பெருகுங்கால் ஆறு அம்மணலை உடைத்துக்கொண்டு கடல் புகும். ஆதலின் சென்ற ஆண்டு கண்ட மணல்மேட்டை இவ்வாண்டும் அதே இடத்தில் தேடுதல் வீண்.

பூவாறு என்னும் பெயருக்கு அவ்வூரார் ஒரு கதை கூறுவர். திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, அரசுரிமைப் பகைவர்க்கு அஞ்சி மறைந்து திரிந்த இளமையில் இவ்வூரில் அடைக்கலம் புகுந்தாராம். ஆற்றில் மலர்கள் மிதந்து வரக் கண்டு பூவாறு என்று பெயரிட்டாராம். இது செவிவழிக் கதை. அவர் ஒரு பலா மரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்னும் கதையும் உண்டு. நெய்யாற்றின்கரைக் கிருட்டினசாமி கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலாவு அக்கதைக்குரிய மரம்.

கதையினும் நம் மனத்தை ஈர்த்தது ஒரு கால்வாய். 1860-ஆம் ஆண்டில், உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அரசாண்ட காலத்தின் இறுதியில், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்கக் கருதி வெட்டத் தொடங்கியது அது. அனந்தபத்மநாபன், விக்டோரியா அரசி, மார்த்தாண்ட வர்மா ஆகிய மூவர் பெயரையும் சேர்த்து அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்றனர். பூவாற்றிலிருந்து பொழியூர், கொல்லங்கோடு வழியாகத் தேங்காய்ப்பட்டினம் நோக்கிச் செல்லும் அக்கால்வாய் குமரிமுனையை எட்டவேயில்லை. இன்று பல இடங்களில் தூர்ந்தும் புதர் மண்டியும் கிடக்கிறது. ஒரு காலத்தில் சரக்குத் தோணிகள் சென்ற வழியில் ஆகாயத்தாமரை அடர்ந்திருக்கக் காண்போர் சிறிது நேரம் பேச்சற்று நிற்பர்.

அக்கால்வாய் இன்று இரு மாநிலங்களுக்கு உரியது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்தில் நின்றது. ஆகவே குளத்தூர் அங்கும் கொல்லங்கோடு இங்குமாயின. ஆனால் பெண் கொடுத்தலும் கொள்ளலும், சந்தைக்குப் போதலும் வருதலும் கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை. இங்கே படகுக்காரர் பேசுவது எம்மொழி என்று கேட்டால் விடை கூறுவது அரிது. மலையாளத்தில் தொடங்குவார், நம் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறுவார். "அம்மா, நடுவிலே உட்காருங்க, ஐயா கையைப் பிடிச்சுக்கிடுங்க" என்று ஒருவர் கூறக் கேட்டோம். மொழி தெரியாத ஊர் என்னும் அச்சம் அவ்விடத்திலேயே நீங்கிவிடும்.

இனி அங்கே செய்வது என்ன? ஒன்றுமில்லை என்பதே நேர்மையான விடை. காலையில் ஒருமுறை, வெயில் ஏறுமுன், காயலில் படகேறிச் சுற்றலாம். கண்டல் மரங்கள் வேர்களை நீரில் ஊன்றி நிற்கும் ஒடுங்கிய வழிகளில் படகு செல்லும். மீன்கொத்தியும் நீர்க்காகமும் கொக்கும் செம்பருந்தும் தென்படும். கண்டலும் தாழையும் புன்னையும் சங்க நூலார் நெய்தல் நிலத்துக்கு உரியனவாகக் கூறியவை. அந்நிலத்துக்குச் சிறுபொழுதாக எற்பாட்டையும் உரிப்பொருளாக இரங்கலையும் அவர்கள் வகுத்தனர். எற்பாடு என்பது ஞாயிறு சாயும் வேளை. பொருள் தேடிக் கடல்கடந்து போனவனை நினைந்து கரையில் இருந்தவள் வருந்திய வேளை அது. பொருளும் தேடி, பிள்ளைகளையும் ஆளாக்கி, இருவரும் நரைத்த பின்னர் அதே வேளையில் அதே கரையில் அருகருகே அமர்தல் இலக்கணத்தில் எத்திணை ஆகுமோ, புலவர்கள் கூறட்டும்.

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவரும் அவர் துணைவியாரும் சென்ற தைத் திங்களில் இங்கு ஐந்து இரவு தங்கி வந்தனர். பெயர் வேண்டா என்றனர். அவர் இதய அறுவை முடிந்து ஈராண்டு ஆனவர். பிள்ளைகள் முதலில் இசையவில்லை. நீர் நடுவே இருவரும் தனியே போவதா என்று தடுத்தனர். முதல் நாள் விடியலில் அம்மையார் பழக்கத்தால் எழுந்து அடுப்பைத் தேடினாராம். "என்னங்க, இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கணவரைக் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் செய்ய வேண்டாம், இப்படி வந்து உட்காரு" என்றாராம் அவர். இரண்டாம் நாளும் பேச்சு வரவில்லை. பிள்ளைகளையும் பேரர்களையும் பற்றிப் பேசி முடித்துவிட்டால் வேறென்ன பேசுவது என்று இருவர்க்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மாலையில்தான், தாம் முதன்முதல் குடியேறிய ஒற்றையறை வீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அதிலிருந்து, பிறந்த ஒன்பதாம் நாள் இறந்துபோன முதற்குழந்தையைப் பற்றிப் பேசினர். நாற்பது ஆண்டுகளாக இருவரும் அதைப்பற்றி ஒருவரோடொருவர் வாய்திறந்ததில்லையாம். "பேசக் கூடாதுன்னு இல்லே. அதுக்கு நேரமே கெடைக்கல்லே" என்றார் அம்மையார் நம்மிடம். கூறும்பொழுது அவர் அழவில்லை.

அவர்கள் பிள்ளைகள் கொண்ட அச்சத்தையும் புறந்தள்ளலாகாது. நெய்யாற்றின்கரையில் அரசுப் பொது மருத்துவமனை உண்டு. பாறசாலைக்கு அப்பால் காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரியே உண்டு. 1922-லும் 1924-லும் எவரெசுட்டு ஏற முயன்ற குழுக்களில் இருந்தவரும், பின்னர் நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டு அறுவை மருத்துவராகத் தொண்டாற்றியவருமான சாமர்வெல் பெயரால் அக்கல்லூரி விளங்குகிறது. ஆயினும் படகில்தான் கரை சேரவேண்டும் என்பதை மறவாதீர். இரவில் படகு ஆயத்தமாக நிற்குமா, எத்துணை மணித்துளியில் கரை சேரலாம் என்று அறை எடுக்குமுன் கேளுங்கள். தெளிவான விடை தாராத விடுதி வேண்டா. மருந்துகளை ஒரு வாரத்துக்கு மேலாகவே கொண்டு செல்லுதல் வேண்டும்.

மிதவைக் குடில்கள் பார்க்க அழகியவை. இளையோர் அவற்றையே நாடுவர. முதியோர்க்குத் தரையிலுள்ள குடிலே நன்று. மிதவை சிறிதேனும் அசையும். இரவில் எழுந்து நடப்போர்க்கு அவ்வசைவு ஆகாது. படகில் ஏறுங்கால் உயிர்காப்புச் சட்டை அணியாமல் ஏறாதீர். "பக்கத்திலேதானே" என்பார்கள், கேளாதீர். தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30-இல் 45 பேரும், மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 2023 மே 7-இல் 22 பேரும் உல்லாசப் படகு கவிழ்ந்து மாண்டனர். இரண்டும் அமைதியான உள்நாட்டு நீரிலே நிகழ்ந்தவை. கடலில் இறங்கவே வேண்டா. பொழிமுகத்தில் கரை செங்குத்தாக ஆழும். பின்வாங்கும் அலை நின்ற காலின் கீழுள்ள மணலைப் பறித்துக்கொள்ளும். கணுக்கால் நனைத்தால் போதும் என்று இறங்குவோரே பெரிதும் விழுகின்றனர்.

செல்லத் தக்க காலம் மார்கழி, தை, மாசி. சூன் முதல் ஆகசுடு வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் சீறும்; ஐப்பசியில் மாலைதோறும் இடிமழை வரக்கூடும். டிசம்பர் இறுதியில் விடுதிகளில் கூட்டமும் கட்டணமும் ஒருங்கே உயரும். பொங்கல் கழிந்து செல்வோர்க்கு இரண்டும் குறையும்.

உணவைப் பற்றிக் கவலை இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இங்கே ஏழைக்கும் செல்வர்க்கும் பொது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்குப் பயிரை ஊக்கினார். அது தென் திருவிதாங்கூர் முழுவதும் பரவிப் பஞ்சகாலத்தில் மக்களைக் காத்தது. நீரிழிவு உடையோர் அளவோடு உண்ணுதல் நலம். மீன் உண்ணாதார்க்குக் கஞ்சியும் பயறும் கேட்டால் கிடைக்கும். செவ்வாழைக்கும் மட்டிப் பழத்துக்கும் குறைவில்லை.

வெறுமனே இருக்க இயலாதவர்கள் அரைநாள் வெளியே போய்வரலாம். விழிஞ்ஞம் நோக்கிச் செல்லும் வழியில் ஆழிமலையில் 58 அடி உயரக் கங்காதரேசுவரர் சிலை, 2020-ஆம் ஆண்டின் இறுதி நாளில் திறக்கப்பெற்றது, கடலை நோக்கி அமர்ந்திருக்கிறது. விழிஞ்ஞத்தில் 2025 மே 2-இல் முறையாகத் தொடங்கப்பெற்ற புதிய துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்களை வழியிலேயே காணலாம். மறுபுறம் பொழியூருக்கும் செல்லுங்கள். கால்பந்தாட்டக்காரர்களுக்குப் பெயர்பெற்ற மீனவர் ஊர் அது. மணலில் ஆடும் சிறுவர்களை மாலைநேரங்களில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அக்கரையைக் கடல் அரித்துவருவதையும், வீடிழந்தோர் துயரையும் கண்டு வருதல் வேண்டும். நாம் ஓய்வெடுக்கச் செல்லும் கரை அவர்கள் பிழைக்கும் கரை. வலை இழுப்போரைக் கேளாமல் படம் பிடித்தல் முறையன்று.

திருவனந்தபுரம் வானூர்தி நிலையத்திலிருந்து பூவாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நாகர்கோவில் வழியாக வருவோர், 1979-இல் திறந்த திருவனந்தபுரம் இருப்புப்பாதையில் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ இறங்கலாம். விரைவு வண்டிகள் எல்லாம் இவ்விரு நிலையங்களிலும் நில்லா, முன்னரே பார்த்துக்கொள்க. எவ்வழி வந்தாலும் மாலை நான்கு மணிக்குள் படகுத்துறையை அடைதல் நன்று. இருட்டிய பின் பெட்டிகளோடு படகேறுதல் முதியோர்க்கு ஏற்றதன்று.