கடைசல் மரப்பொருள்களில் அரக்குப்பூச்சு: சொல்லும் செய்முறையும்

ஆய்வுச்சுருக்கம்

கடைசல் மரப்பொருள்களுக்கு அரக்கு ஏற்றும் தொழில் இந்தியாவின் பல பகுதிகளில் இன்றும் நடைபெறுகிறது. தமிழில் எழுதப்படும் கைவினைப் பதிவுகள் இதனைப் பெரும்பாலும் ‘வண்ணம் பூசுதல்’ என்ற ஒரே தொடரால் கடந்துவிடுகின்றன. ‘அரக்கு’ என்னும் சொல் இன்று மூன்று வேறுபட்ட பொருள்களைக் குறிக்கப் பயன்படுவதையும், கடைசல் அரக்கின் செய்முறை வண்ணம் பூசுதலினின்று அடிப்படையிலேயே வேறுபடுவதையும், இவ்வேறுபாட்டைப் பதிவு செய்யாமையால் விளையும் இழப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. கர்நாடகத்தின் சென்னப்பட்டணமும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கமும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: அரக்கு, கடைசல், வெட்பாலை, தாழை மடல், சென்னப்பட்டணம், ஏட்டிகொப்பாக்கம், புவிசார் குறியீடு.

முன்னுரை

பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையில் உள்ள சென்னப்பட்டணமும், வராக ஆற்றங்கரையில் உள்ள ஏட்டிகொப்பாக்கமும் கடைசல் பொம்மைகளால் பெயர் பெற்ற ஊர்கள். முன்னது 2005-06ஆம் ஆண்டிலும் பின்னது 2017ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. தமிழகத்தில் அம்பாசமுத்திரம் பகுதி மரச்சொப்புகளுக்குப் பெயர் பெற்றது. இவ்வூர்ப் பொருள்களைப் பற்றிய எழுத்துகள் வடிவம், நிறம், விளையாட்டுப் பண்பு ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. மேற்பூச்சு எவ்வாறு மரத்தில் ஏறுகிறது என்பதை அவை பேசுவது அரிது. ஆயின் இத்தொழிலின் தனித்தன்மை அந்த இடத்தில்தான் உள்ளது.

‘அரக்கு’ என்னும் சொல்

வடமொழி ‘லாக்ஷா’, பிராகிருத ‘லக்கா’ ஆகியவற்றோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ‘அரக்கு’ தமிழில் மிகப் பழைய சொல். பொருநராற்றுப்படை செந்நிலத்திற்கு உருகிய அரக்கை உவமையாக்குகிறது. கலித்தொகையின் 25ஆம் பாடல் பாண்டவர் தப்பிய அரக்கு இல்லத்தைக் குறிப்பிடுகிறது. உருகும் தன்மை, செந்நிறம், எளிதில் தீப்பற்றும் இயல்பு ஆகிய மூன்றையும் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விரு இடங்களே போதும். இன்றும் ‘அரக்கு நிறப் பட்டு’, ‘அரக்கு முத்திரை’ ஆகிய வழக்குகள் அப்பொருளைத் தாங்கி நிற்கின்றன.

சிக்கல் தற்கால மொழிபெயர்ப்பில் எழுகிறது. ‘லாக்கர்’ என்னும் ஆங்கிலச் சொல் போர்ச்சுக்கீசியம் வழியாக இதே இந்திய வேரிலிருந்து சென்றது. ஐரோப்பியர் சீன, ஜப்பானியப் பூச்சுப் பொருள்களைக் கண்டபோது, தாம் முன்பே அறிந்திருந்த இந்திய அரக்கின் பெயரை அவற்றிற்கும் இட்டனர். பின்னர் 1920களில் மோட்டார் வண்டிகளுக்குப் பயன்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் பூச்சும் அப்பெயரையே பெற்றது. இவற்றைத் தமிழில் மீண்டும் ‘அரக்கு’ என்று பெயர்க்கும்போது மூன்று பொருள்கள் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது, பூச்சி சுரக்கும் பிசின். இது சூட்டில் இளகிக் குளிரில் இறுகும். இரண்டாவது, கிழக்காசியாவில் ‘உருஷி’ எனப்படும் மரப்பால். இது உலர்ந்த காற்றில் காய்வதில்லை. ஈரப்பதம் மிக்க சூழலில் நொதியின் துணையால் வேதிமாற்றம் அடைந்து இறுகும். இறுகியபின் சூட்டுக்கு உருகாது. மூன்றாவது, செயற்கைப் பூச்சு. கரைப்பான் ஆவியாவதால் படலமாகும். இறுகும் முறை மூன்றிலும் வேறுபடுவதால் கருவி, தொழிலிடம், உழைப்பு ஆகியனவும் வேறுபடுகின்றன. கடைசல் தொழிலுக்குரியது முதலாவது மட்டுமே.

அரக்கின் இயல்பு

கெரியா லாக்கா என்னும் சிறு பூச்சி புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சித் தன் உடலைச் சுற்றிப் பிசினைச் சுரக்கிறது. அக்கிளைகளோடு சேர்த்து வெட்டப்படுவது கொம்பரக்கு. அதனைச் சுரண்டி, நொறுக்கி, நீரில் கழுவும்போது செஞ்சாயம் நீரோடு பிரிந்துவிடும். எஞ்சும் மணிகளை உருக்கி வடித்து மெல்லிய தகடுகளாக்குவர். ராஞ்சிக்கு அருகில் 1924இல் இதற்கெனவே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது என்பது இப்பொருளின் பொருளாதார மதிப்பைக் காட்டும்.

கடைசல் தொழிலுக்கு வேண்டிய பண்புகள் மூன்று. அரக்கு ஏறத்தாழ 65 முதல் 80 பாகை செல்சியசுக்குள் இளகி உருகுகிறது. மரம் கருகும் வெப்பத்திற்கு இது மிகக் கீழே. அதில் இயல்பாக உள்ள சிறிதளவு மெழுகு மெருகுக்குத் துணைசெய்கிறது. நிறப்பொடியைத் தன்னுள் சீராகத் தாங்கி நிற்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆகவே பசை, நிறம், மெருகு ஆகிய மூன்று பணிகளையும் ஒரே பொருள் செய்கிறது. நெடுநேரம் சூடேற்றினால் அரக்கு மீண்டும் உருகாத நிலையை அடைந்துவிடும். சூட்டின் அளவோடு அதன் நேரமும் தொழிலாளரின் கணக்கில் அடங்கியது.

மரமும் வண்ணக்குச்சியும்

சென்னப்பட்டணத்தில் ‘ஆலெ மர’ என்றும் ஏட்டிகொப்பாக்கத்தில் ‘அங்குடு கர்ர’ என்றும் வழங்குவது தமிழில் வெட்பாலை எனப்படும் மரமே. வெண்ணிறமும் மென்மையும் நெருங்கிய இழையும் கொண்டது. வெண்மையால் மெல்லிய அரக்குப்படலத்தின் நிறம் மங்காது தெரிகிறது. நெருங்கிய இழையால் கடைந்த பரப்பில் பிசிறு எழுவதில்லை. இதன் இலையிலிருந்து முற்காலத்தில் நீலச்சாயம் எடுக்கப்பட்டது. தாவரவியற் பெயரிலுள்ள ‘டிங்டோரியா’ சாயத்தொழிலைச் சுட்டுவது.

வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் உலர்த்துவது இன்றியமையாதது. ஈரம் எஞ்சிய மரத்தில் அரக்கு ஏற்றினால் உராய்வுச் சூட்டில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் படலத்தைக் கொப்புளிக்கச் செய்யும். பின்னாளில் மரம் சுருங்கும்போது இறுகிய அரக்கு அதனோடு சேர்ந்து சுருங்காமல் விரிசலிடும்.

வண்ணக்குச்சி தனியே ஆயத்தம் செய்யப்படுகிறது. கரியடுப்பின் மேல் அரக்கை இளக்கி, நிறப்பொடி சேர்த்துப் பிசைந்து, இழுத்து, மடித்து, மீண்டும் இழுப்பர். நிறம் திட்டுத்திட்டாக நிற்காமல் முழுதும் பரவும்வரை இது தொடரும். பின்னர்க் குச்சியாக உருட்டி ஆறவிடுவர். ஏட்டிகொப்பாக்கத்தில் மஞ்சள், சாப்பிரா விதை, அவுரி முதலிய இயற்கைச் சாயங்களை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்த சி. வி. ராஜுவுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பூசும் முறை

கடைந்து உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய மரத்தைக் கடைசல் எந்திரத்திலிருந்து கழற்றாமலேயே அரக்கு ஏற்றப்படுகிறது. சுழலும் பரப்பின் மீது வண்ணக்குச்சியின் முனையைச் சாய்த்து அழுத்துவர். உராய்வால் எழும் சூடு குச்சியின் முனையை மட்டும் இளக்கும். இளகிய அரக்கு மரத்தின் நுண்துளைகளில் புகுந்து பற்றும். இங்கே தூரிகையோ கரைப்பானோ அடுப்போ இல்லை. மரத்தைச் சுழற்றும் ஆற்றலே வெப்பமாக மாறிப் பூச்சை நிகழ்த்துகிறது.

வேகமும் அழுத்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். வேகம் குறைந்தால் அரக்கு முழுதும் இளகாமல் கோடு கோடாகவும் திட்டாகவும் ஒட்டும். மிகுந்தால் நிறம் கருகும். இளகிய அரக்கு சிதறித் தெறிக்கும். பருமனான பகுதியில் பரப்பின் வேகம் கூடுதலாகவும் மெலிந்த கழுத்துப்பகுதியில் குறைவாகவும் இருக்கும். எனவே ஒரே பொம்மையின் தலையிலிருந்து கழுத்துக்கு வரும்போதே கையின் அழுத்தம் மாற வேண்டும். ஏட்டில் எழுதிவைக்க இயலாத தொழிலறிவு என்று சொல்லப்படுவது இவ்விடத்தில் தெளிவாகப் புலப்படும்.

அடுத்த நிலை தாழை மடலால் தேய்ப்பது. உரிய அளவில் நறுக்கிய மடலைச் சுழலும் பரப்பில் அழுத்தும்போது மீண்டும் சூடு எழுந்து, மேடு பள்ளமாக ஒட்டியிருந்த அரக்கு இளகிச் சமனாகப் பரவும். மெருகும் அப்போதே ஏறும். மடலின் வழவழப்பும் நார்வலிமையும் இதற்கு ஏற்றவை. சூட்டில் அது சட்டென நைந்துவிடுவதில்லை. நிறப்பட்டைகளைப் பிரிக்க, ஒரு நிறத்தை ஏற்றிய பின் அதன் ஓரத்தை உளிமுனையால் நறுக்கித் துல்லியமாக்கி அடுத்த நிறத்தை ஏற்றுவர்.

கருவி மாறும்போது அழகியலும் மாறுகிறது. கச்சுப் பகுதியின் நிரோணா ஊரில் வாதா சமூகத்தார் கையால் இழுக்கும் கடைசலைப் பயன்படுத்துகின்றனர். முன்னும் பின்னுமாக மாறிமாறிச் சுழலும் அப்பரப்பில் அரக்கு அலையலையான கோலங்களாகப் படிகிறது. ஒரே திசையில் விரைந்து சுழலும் மின்கடைசலில் கிடைப்பது சீரான நிறப்பட்டை.

வடிவமும் பூச்சும்

இச்செய்முறையிலிருந்து ஒரு முடிவு இயல்பாகப் பெறப்படுகிறது. உராய்வுச் சூட்டுக்குச் சுழற்சி வேண்டும். சுழற்சிக்கு உருண்ட வடிவம் வேண்டும். ஆகவே கடைசல் அரக்குப் பொருள்கள் உருண்டை, உருளை, கூம்பு, வளையம் ஆகியவற்றின் சேர்க்கையாகவே அமைகின்றன. தட்டையான பரப்பிலோ செதுக்கிய முகத்திலோ இம்முறையில் அரக்கேற்ற இயலாது. கை, கால், தலை ஆகியவற்றைத் தனித்தனியே கடைந்து அரக்கேற்றிப் பின்னர் இணைப்பதும் இதனாலேயே. இப்பொம்மைகளின் எளிய உருவ அமைப்பைக் ‘குழந்தைத்தன்மை’ என்றோ ‘நாட்டுப்புற எளிமை’ என்றோ விளக்கும் முன், அது பூச்சுமுறையின் தேவையும் ஆகும் என்பதைக் கருதவேண்டும்.

பெயரிடுதலின் விளைவு

செயற்கைப் பூச்சைத் தெளித்தால் நேரம் மிச்சமாகும். எந்த வடிவத்திற்கும் அது ஏறும். ஆனால் அங்கே கடைசல் எந்திரம் மரத்தை வடிவமைப்பதோடு நின்றுவிடுகிறது. வண்ணக்குச்சி செய்வோரின் அறிவும் தாழை மடலின் பயனும் தேவையற்றவையாகின்றன. வீட்டுப் பயன்பாட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. மாறாக, தூய அரக்கு மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேலுறையாகப் பயன்படும் பொருள். சேர்க்கப்படும் நிறப்பொடியைப் பொறுத்தே பொம்மையின் தீங்கின்மை அமைகிறது. ‘அரக்குப்பூச்சு’ என்ற பெயர் மட்டும் அதற்கு உறுதியாகாது.

2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் உள்ளது. புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் பதிவுபெற்ற கைவினைஞர் ஆக்கங்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவ்விலக்கின் நியாயம் மரபுச் செய்முறையில் தங்கியுள்ளது. செய்முறையை ‘வண்ணம் பூசப்படுகிறது’ என்று மட்டும் ஆவணங்கள் குறிக்குமானால், தெளிப்பான் கொண்டு பூசிய பொருளும் உராய்வு அரக்கேறிய பொருளும் ஏட்டளவில் ஒன்றாகிவிடும். அதனால் இழப்பு அடைபவர் கடினமான முறையைக் கைவிடாத தொழிலாளரே.

கள ஆய்வாளர் கவனத்திற்கு

கடைசல் பொருளைப் பதிவு செய்வோர் குறைந்தது ஐந்து செய்திகளைக் குறிக்கவேண்டும்: மரத்தின் வட்டாரப்பெயர், கடைசலை இயக்கும் ஆற்றலும் சுழலும் திசையும், பூச்சு குச்சி வடிவிலா நீர்ம வடிவிலா என்பது, நிறப்பொடியின் மூலம், மெருகிடும் பொருள். அருங்காட்சியகப் பொருளாயின், காப்பாளர் துணையோடு மறைவான இடத்தில் சாராயம் தோய்ந்த பஞ்சை மெல்ல ஒற்றிப் பார்க்கலாம். பூச்சி அரக்கு பொதுவாக இளகிப் பிசுபிசுக்கும். கிழக்காசிய மரப்பால் பூச்சு அவ்வாறு இளகாது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அசிட்டோன் போன்ற கரைப்பான்களில் எளிதில் கரையும். மிகப் பழைய அரக்கு கரைதிறன் குன்றியிருக்கும் ஆதலால் இச்சோதனையை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது.

சொல்லாட்சியிலும் வரையறை தேவை. பூச்சி அரக்கை ‘அரக்கு’ என்றும், கிழக்காசியப் பூச்சை ‘மரப்பால் பூச்சு’ என்றும், செயற்கைப் பொருளை அதன் வேதிப்பெயரோடும் வழங்கலாம். கடைசல் முறையை ‘அரக்கேற்றல்’ என்று குறிப்பது அதன் தன்மைக்குப் பொருந்தும்.

முடிவுரை

கடைசல் அரக்கு, மரவேலை முடிந்தபின் மேலே சேர்க்கப்படும் அலங்காரம் அன்று. மரத்தின் தேர்வு, உலர்த்தும் காலம், பொருளின் வடிவம், எந்திரத்தின் வேகம், கையின் அழுத்தம் ஆகிய அனைத்தும் அதனை முன்வைத்தே அமைகின்றன. ‘அரக்கு’ என்னும் பழஞ்சொல்லை அதன் உரிய பொருளில் ஆளுவதும், ஏற்றும் முறையைப் படிநிலைகளோடு எழுதுவதும் கைவினை ஆய்வின் அடிப்படைக் கடமைகள். தமிழகக் கடைசல் பட்டறைகளின் செய்முறைச் சொற்களை இந்நோக்கில் ஊர்வாரியாகத் தொகுப்பது அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.